குளிரைச் சேமித்து உச்சநேர மின்தேவையைக் குறைக்க முடியுமா? நிலைமாற்றப் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கட்டடம், ஆஸ்பத்திரி, குளிர்கிடங்கு என்று ஏதாவது ஒன்றின் மின்கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் இந்தப் பக்கம் வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. சில பதில்கள் நாலு வரியில் முடிந்துவிடும். சிலவற்றில் கணக்கு வரும். கணக்கைத் தாண்டிப் போகவேண்டாம், பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

நிலைமாற்றப் பொருள் என்றால் என்ன?

உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டு, உறையும்போது அதே வெப்பத்தை வெளியே விடுகிற பொருள். உலகத்தில் எல்லாப் பொருளும் இதைத்தான் செய்கிறது. நமக்கு வேண்டிய வெப்பநிலையில், நிறைய அளவில், ஆயிரக்கணக்கான முறை சலிக்காமல் செய்கிறதா என்பதுதான் தேர்வு.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோ பனிக்கட்டி, 0 டிகிரியிலேயே இருந்துகொண்டு உருகி முடிப்பதற்கு 334 கிலோஜூல் வாங்குகிறது. உருகிய நீரை 80 டிகிரி வரை சூடாக்க ஆகும் வெப்பம் அது. வெப்பநிலை மாறாமலேயே இவ்வளவும் உள்ளே போய்விடுவதால் இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். குளிரூட்டலில் நாம் பயன்படுத்திக்கொள்வது இதைத்தான்: மின்சாரம் மலிவாக, தாராளமாக இருக்கும் நேரத்தில் பொருளை உறையவைத்துவிட்டு, தட்டுப்பாடான நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்தி அதை உருகவிடுவது.

இதனால் மின்சாரம் மிச்சமாகுமா?

பெரும்பாலும் ஆகாது. விளம்பரத் தாள்களில் 'ஆற்றல் சேமிப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சேமித்து வைப்பது வேறு, மிச்சம் பிடிப்பது வேறு. குளிரைச் சேமித்து வைக்கும் அமைப்பு, மின்சாரம் செலவாகும் நேரத்தை மாற்றுகிறது. மொத்த யூனிட் சில இடங்களில் கொஞ்சம் குறையும், பல இடங்களில் கொஞ்சம் கூடும்.

கூடுவதற்குக் காரணம் எளிது. சாதாரண ஏசி அமைப்பில் சில்லர், அதாவது கட்டடத்துக்கான குளிர்நீரைத் தயாரிக்கும் இயந்திரம், 6, 7 டிகிரி நீர் தந்தால் போதும். பனிக்கட்டி உறையவேண்டுமானால் உறையாத கரைசல் ஒன்றை மைனஸ் 4, மைனஸ் 6 டிகிரி வரை இறக்கவேண்டும். சில்லருக்குள் குளிர்ச்சி உண்டாகும் பகுதியான ஆவியாக்கியின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் சில்லரின் திறன் சுமார் 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பத்து டிகிரி இறக்கினால் 20 முதல் 30 சதவீதம் அடிபடுகிறது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகமுள்ள வறண்ட பகுதிகளில் முழுதாகவே திரும்பி வரலாம். புழுக்கமான கடலோரத்தில் அந்தச் சலுகை கிடைக்காது.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு?

மின்கட்டமைப்பு சராசரித் தேவைக்காகக் கட்டப்படுவதில்லை, வருடத்தின் மிக மோசமான சில மணி நேரங்களுக்காகக் கட்டப்படுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்காகவே மின்நிலையம், கம்பி, மின்மாற்றி எல்லாம் வருடம் முழுக்கக் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் ஓடவிடப்படும் நிலையங்கள் பெரும்பாலும் செலவு அதிகமானவையாகவும் இருக்கும்.

அந்த மோசமான மணி நேரங்களை உண்டாக்குவதில் குளிரூட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டடங்களில் செலவாகும் மின்சாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏசிக்கும் மின்விசிறிக்கும் போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அப்போது உலகில் இருந்த ஏசிகள் சுமார் 160 கோடி. 2050இல் அது 560 கோடியாகலாம் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. எண்ணிக்கையைவிடத் தொல்லையானது அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதுதான். வெயில் ஏற ஏறக் கட்டடத்துக்குக் குளிர் அதிகம் வேண்டும், அதே வெயிலால் சில்லரின் திறனும் இறங்கும், மின்கம்பியின் தாங்குதிறனும் இறங்கும். மூன்றும் ஒரே பிற்பகலில்.

பயனாளர் பக்கம் இது இரண்டு விதமாகக் கட்டணத்தில் வந்து நிற்கிறது: நேரத்துக்கு நேரம் மாறும் யூனிட் விலை, அப்புறம் அந்த மாதத்தில் தொட்ட அதிகபட்ச கிலோவாட் அல்லது கேவிஏவுக்கான (மின்சுமையை அளக்கும் இன்னொரு அலகு) தேவைக் கட்டணம். இந்த இரண்டுமே உங்கள் கட்டணத்தில் இல்லையென்றால், இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம். தட்டையான விலையில் நேரத்தை மாற்றி உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

போடலாம். பிற்பகல் நான்கு மணி நேரம் 100 டன் குளிரூட்டல் தேவைப்படும் ஒரு கட்டடம். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுவது. 2000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது வாங்கும் வெப்பத்திலிருந்து வந்த அலகு அது. ஆகவே நான்கு மணி நேரத்துக்கு வேண்டியது 400 டன்-மணி, சுமார் 1,400 கிலோவாட்-மணி வெப்பம்.

இதைச் சேமிக்கப் பனிக்கட்டி சுமார் 15 டன் எடை வேண்டும். 8 டிகிரியில் உருகும், கிலோவுக்கு 150 கிலோஜூல் பிடிக்கும் உப்புக் கலவை என்றால் சுமார் 34 டன் எடை. உருகுதலே இல்லாமல் வெறும் குளிர்நீரை, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 6 டிகிரி வித்தியாசத்தில் சேமித்தால் 200 கன மீட்டருக்குக் குறையாத தொட்டி. இடம் இருக்கிறவருக்குக் குளிர்நீர்த் தொட்டியே நல்ல யோசனை, ஏனென்றால் சில்லரின் திறன் அடிபடாது, பழுதாக அதில் ஒன்றுமில்லை. நிலைமாற்றப் பொருள் இடம் இல்லாதவருக்கான வழி. இதைப் பலர் சொல்வதில்லை.

மின்சாரக் கணக்கு: பகலில் ஒரு டன்னுக்கு 0.7 கிலோவாட் பிடிக்கும் சில்லரை அந்த நான்கு மணி நேரம் நிறுத்தினால் உச்சத்தில் 70 கிலோவாட் இறங்கும், 280 யூனிட் அந்த நேரத்திலிருந்து நகரும். இரவில் பனி உறையவைக்கும்போது டன்னுக்கு 0.9 ஆனால் 360 யூனிட் செலவு. 80 யூனிட் அதிகம். மலிவு நேர விலையும், குறைந்த தேவைக் கட்டணமும் சேர்ந்து அந்த 80 யூனிட்டை ஈடுகட்டி, தொட்டியின் முதலீட்டையும் திருப்பவேண்டும். சில்லரோடு, அதன் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் குளிர்கோபுரமும் நிற்பதால் இன்னும் சில கிலோவாட் இறங்கும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எந்தெந்தப் பொருட்கள் பயன்படுகின்றன?

முதலில் தண்ணீர். மலிவு, நச்சில்லை, தீப்பிடிக்காது, எத்தனை முறை உறைந்து உருகினாலும் தேயாது, உள்ளுறை வெப்பமும் அதிகம். ஒரே குறை உருகுநிலை. ஏசிக்கு 0 டிகிரி தேவையில்லாத அளவுக்குக் குளிர்.

அடுத்தது பாரஃபின். மெழுகுக் குடும்பம். சங்கிலி நீளத்தைப் பொறுத்து உருகுநிலை மாறும்: ஹெக்ஸாடெக்கேன் 18 டிகிரி, ஆக்டாடெக்கேன் 28 டிகிரி. கிலோவுக்கு 200 கிலோஜூலுக்கு மேல் பிடிக்கும், பிரிந்துபோகாது, உலோகத்தை அரிக்காது. ஆனால் வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லுமளவுக்கு மந்தம், தீப்பிடிக்கும், உருகும்போது பத்து சதவீதத்துக்கு மேல் பருத்துவிடும்.

மூன்றாவது நீரேறிய உப்புகள். கால்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 29 டிகிரி வாக்கில் உருகும், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் டெக்காஹைட்ரேட் 32.4 டிகிரியில். வேறு உப்புகளைக் கலந்து உருகுநிலையை 8 டிகிரி வரை இறக்குகிறார்கள். தீப்பிடிக்காது, அடர்த்தி அதிகம், பாரஃபினைவிட நன்றாகக் கடத்தும். அவற்றின் குணக்கேடுகளைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கொழுப்பு அமிலங்களும் எஸ்டர்களும் தாவர எண்ணெய் வழி வருபவை. நடத்தை கிட்டத்தட்ட பாரஃபின்.

உருகுநிலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும் என்பதை வைத்து. உறையவைக்க வரும் நீர் உருகுநிலையைவிட 3, 4 டிகிரியாவது குளிர்ந்திருக்கவேண்டும். உருகும்போது வெளியே போகும் நீர் உருகுநிலையைவிட அதே அளவு சூடாகத்தான் இருக்கும். 8 டிகிரி உப்பை எடுத்தால் சில்லர் 4, 5 டிகிரி நீர் தரவேண்டும், பகலில் உங்களுக்குக் கிடைப்பது 11, 12 டிகிரி நீர். உங்கள் கட்டடத்தின் குளிர்ச்சுருள்கள் 7 டிகிரி நீருக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டவை என்றால் 12 டிகிரி நீர் அவற்றுக்குப் போதாது. அதனால்தான் ஏசிக்குத் தேவையில்லாத குளிர்ச்சி என்று தெரிந்தும் பலர் பனிக்கட்டிக்கே திரும்புகிறார்கள். பனித்தொட்டியிலிருந்து 2, 3 டிகிரி நீர் எடுக்கலாம், குழாயும் பம்பும் சிறிதாகும்.

தொட்டியில் குளிர் இருக்கிறது, ஆனால் வேண்டிய வேகத்தில் வரவில்லை. ஏன்?

இந்தத் துறையில் மிக முக்கியமான கேள்வி இது, மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். மேல்தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கீழே வரும் குழாய் ஒடுக்கமாக இருந்தால் வாளி நிரம்ப நேரமாகும், இல்லையா? கிலோவுக்கு எத்தனை கிலோஜூல் என்று விற்பவர் சொல்வது தொட்டியின் அளவு. குழாயின் அளவை யாரும் சொல்வதில்லை.

எண்களைப் பார்த்தால் புரியும். பாரஃபினின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 0.2 வாட். பனிக்கட்டிக்கு 2.2. சுவரை ஒட்டிய பாரஃபின் 1 செ.மீ. உறைந்துவிட்டது, சுவருக்கும் உருகுநிலைக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கு வழியாகக் கடந்து போகும் வெப்பம் சதுர மீட்டருக்கு வெறும் 100 வாட். மேலே சொன்ன 100 டன், அதாவது 352 கிலோவாட் கடத்த 3,500 சதுர மீட்டர் பரப்பு வேண்டும்! அடுக்கு தடிக்கத் தடிக்க நிலைமை இன்னும் மோசமாகும்.

உறையும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது என்பது இதன் இன்னொரு முகம். அதே பாரஃபின், அதே 5 டிகிரி. ஒரு பக்கத்திலிருந்து 1 செ.மீ. உறைய சுமார் இரண்டேகால் மணி நேரம். 2 செ.மீ. என்றால் ஒன்பது மணி நேரம். 3 செ.மீ. என்றால் இருபது மணி நேரம். மலிவு மின்சாரம் இரவில் எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், 2 செ.மீ. அடுக்கின் உட்பகுதி ஒருநாளும் உறையாது. அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள். முதல் நாள் சோதனையில் இது தெரியாமல்கூடப் போகலாம், ஏனென்றால் சோதனைக்கு முன்னால் இரண்டு நாள் உறையவிட்டிருப்பார்கள்.

உருகும்போது கதை கொஞ்சம் நல்லது, உருகிய திரவம் சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்லும். உறையும்போது அந்த உதவி இல்லை. ஆகவே வடிவமைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரவு உறைதல்தான். பனித்தொட்டியில் இது தலைகீழ். குழாயைச் சுற்றி உறைந்த பனி நன்றாகக் கடத்தும். பகலில் குழாய்க்குள்ளிருந்து உருக்கும்போது குழாயைச் சுற்றி முதலில் உருகும் நீர் நாலில் ஒரு பங்குதான் கடத்தும் என்பதால் கடைசி ஒரு மணி நேரத்தில் வேகம் தளர்ந்துவிடும்.

தீர்வுகள் எல்லாம் பரப்பைக் கூட்டுவது அல்லது பாதையைச் சுருக்குவது: மெல்லிய தட்டுகள், சிறு உருண்டைகள், உலோக இறக்கைகள், கிராஃபைட்டில் ஊறவைத்த மெழுகு, பொருளை அடைத்த மிகச்சிறு நுண்ணுறைகள். எல்லாமே வேலை செய்யும். எல்லாமே தொட்டியில் இடத்தை எடுத்துக்கொண்டு, கன மீட்டருக்கான சேமிப்பைக் குறைத்து, விலையையும் ஏற்றும். ஆய்வகத்தில் புதிது புதிதாகப் பொருள் கண்டுபிடிப்பவர்கள் உள்ளுறை வெப்பத்தை இன்னும் பத்து சதவீதம் கூட்டுவதில் மூழ்கியிருப்பதைவிட, இந்த இடத்தில் உட்கார்ந்தால் நல்லது என்பது என் கருத்து.

உப்புகள் சில வருடத்தில் செயலிழந்துவிடும் என்கிறார்களே?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டோவர் என்ற ஊரில் 1948இல் கட்டிய சூரிய வீடு புகழ்பெற்ற உதாரணம். மரியா டெல்க்ஸ் என்ற அறிவியலாளர், வெயிலின் வெப்பத்தைக் கிளாபர் உப்பில் சேமித்துக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அமைப்பை வடிவமைத்தார். முதல் இரண்டு குளிர்காலம் ஓடியது. அப்புறம் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, அமைப்பு படுத்துவிட்டது.

காரணம் இது: கிளாபர் உப்பு உருகும்போது முழுவதும் திரவமாவதில்லை. நீரில்லாத உப்பு ஒரு பங்கு கரையாமல் அடியில் படிகிறது. மறுபடி உறையும்போது அடியில் கிடக்கும் உப்புக்கு மேலே இருக்கும் நீர் எட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழப்பு. கெட்டியாக்கும் பொருள் சேர்த்து, உப்பைப் படியவிடாமல் தொங்கவைப்பது இன்றைய வழக்கம். மெல்லிய தட்டையான உறைகளும் உதவும்.

இரண்டாவது தொல்லை, உறைய வேண்டிய வெப்பநிலையில் உறையாமல் திரவமாகவே இன்னும் பல டிகிரி இறங்கிப்போவது. இரவு முழுக்கச் சில்லர் ஓடியிருக்கும், காலையில் பார்த்தால் தொட்டியில் குளிர்ந்த திரவம். படிகம் உருவாக ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். கிளாபர் உப்புக்குச் சிறிது வெண்காரம் சேர்த்தால் அது கிடைக்கும் என்று கண்டுபிடித்தவரும் டெல்க்ஸ்தான்.

இன்றைய கலவைகள் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் சோதனைச் சான்றில் எத்தனை சுற்று என்று மட்டும் பார்க்காமல், எந்தக் கொள்கலனில், எவ்வளவு உயரத்தில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சிறு குப்பியில் பத்தாயிரம் சுற்று தாங்கிய உப்பு ஒரு மீட்டர் உயரத் தொட்டியில் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

இயந்திரமே வேண்டாம், சுவரிலும் கூரையிலும் பதித்தால் போதாதா?

இரவு குளிரும் ஊர்களில் போதலாம். 23 முதல் 26 டிகிரிக்குள் உருகும் பொருளை ஜிப்சம் பலகையிலோ கூரைத் தட்டிலோ வைத்தால், பகலில் உருகி அறை சூடாவதைத் தள்ளிப்போடும். இரவில் ஜன்னலைத் திறந்து மறுபடி உறையவைக்கவேண்டும். இரவுக்காற்று உருகுநிலையைவிட நாலைந்து டிகிரி கீழே இறங்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. இரவிலும் 28 டிகிரி இருக்கும் ஊரில் அந்தப் பலகை முதல் வெயிலில் உருகி, அந்தப் பருவம் முடியும்வரை உருகியபடியே கிடக்கும். விலை உயர்ந்த பலகை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் இரவு ஏசியால்தான் அதை உறையவைக்க முடியும்.

புழுக்கமான ஊரில் ஈரத்தை என்ன செய்வது?

நல்ல கேள்வி. ஏசி இரண்டு வேலை செய்கிறது, காற்றைக் குளிர்விக்கிறது, காற்றிலுள்ள ஈரத்தையும் எடுக்கிறது. 25 டிகிரி, 55 சதவீத ஈரப்பதமுள்ள அறைக் காற்றில் நீர் துளிர்க்கும் வெப்பநிலை சுமார் 15 டிகிரி. 18 டிகிரியில் உருகும் பொருளால் அந்தக் காற்றிலிருந்து ஒரு சொட்டு நீரையும் எடுக்க முடியாது. உச்ச நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பினால் வெப்பமானி சரியான எண்ணைக் காட்டும், உள்ளே இருப்பவர்களுக்குக் கசகசவென்று இருக்கும். ஈரமான தட்பவெப்பத்துக்குப் பனிக்கட்டி, அல்லது 10 டிகிரிக்குள் உருகும் கலவை. இல்லையென்றால் ஈரம் நீக்கத் தனி ஏற்பாடு.

உச்ச நேரம் முழுவதும் சில்லரை நிறுத்தவேண்டுமா?

கட்டாயமில்லை. புதிதாகக் கட்டும்போது பகுதிச் சேமிப்பே பெரும்பாலும் லாபம். மேலே சொன்ன கட்டடம் பத்து மணி நேரத்தில் மொத்தம் 750 டன்-மணி கேட்கிறது என்று வையுங்கள். வழக்கமான முறையில் 100 டன் சில்லர் வேண்டும். பகல் பத்து மணி நேரம் முழுத்திறனிலும், இரவு பதினாலு மணி நேரம் பனி உறையவைத்துக்கொண்டு எழுபது சதவீதத் திறனிலும் ஒரு சில்லரை ஓடவிட்டால் 40 டன் சில்லரே போதும். உச்சத்தில் அது இழுப்பது 28 கிலோவாட். சில்லர், மின்மாற்றி, மின் இணைப்பு எல்லாமே சிறிதாவதால், மிச்சமாகும் பணம் தொட்டியின் செலவில் பெரும்பங்கைக் கட்டிவிடும்.

ஏற்கெனவே பெரிய சில்லர் நிற்கும் பழைய கட்டடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே உச்ச நேரத்தில் முழுதாக நிறுத்துவதுதான் பலன் தரும்.

மாதத்தில் ஒரே ஒரு நாள் தவறினால்?

அந்த மாதத்துத் தேவைக் கட்டண மிச்சம் போய்விடும். அந்தக் கட்டணம் பல இடங்களில் 15 அல்லது 30 நிமிடச் சராசரியின் மாத அதிகபட்சத்தை வைத்துக் கணக்காகிறது. இருபத்தொன்பது நாள் ஒழுங்காக நடந்து, முப்பதாவது நாள் மாலை நாலு மணிக்குப் பனி தீர்ந்து சில்லர் முழுவேகத்தில் கிளம்பினால் அதுதான் பதிவாகும். பனி தீர்வதும் மிதமான நாளில் நடக்காது, இருப்பதிலேயே கொடுமையான வெயில் நாளில்தான் நடக்கும்.

ஆகவே கட்டுப்பாடு முக்கியம். எளிய வழி சில்லருக்கு முதலிடம் கொடுத்து, அது போதாதபோது பனியை உருக்குவது. இதில் பனி தீராது, ஆனால் மிதமான நாட்களில் பனி வீணாகக் கிடக்கும். பனிக்கு முதலிடம் கொடுத்தால் சிக்கனம் அதிகம், நாளைய வெயிலை முன்கூட்டியே கணித்து மணிக்கணக்கில் பங்குபோட்டாக வேண்டும். வானிலைக் கணிப்பை எடுத்துக்கொண்டு இதைச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. தொட்டியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளப்பதும் பனியில் சுலபம்: உறைந்தால் ஒன்பது சதவீதம் பருக்கும், நீர்மட்டத்தைப் பார்த்தாலே தெரியும். உறைகளுக்குள் அடைத்த உப்பிலும் மெழுகிலும் அந்த வசதி இல்லை. உள்ளே போனது, வெளியே வந்தது என்று வெப்பக் கணக்கு வைத்துத்தான் ஊகிக்கவேண்டும், பிழை நாளுக்கு நாள் சேரும்.

எல்லோரும் இரவில் உறையவைத்தால் இரவில் புதிய உச்சம் வராதா?

வரும், எல்லோரும் பத்து மணி அடித்ததும் சுவிட்சைப் போட்டால். தொடங்கும் நேரத்தைக் கலைத்துப்போடுவது சுலபம்தான், ஆனால் கட்டண அட்டவணையே 'பத்து மணியிலிருந்து மலிவு' என்று எழுதியிருந்தால் எல்லோரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. சூரிய மின்சாரம் அதிகமுள்ள கட்டமைப்புகளில் மலிவு நேரம் நண்பகலுக்கு நகர்ந்துவிட்டது, தட்டுப்பாடு சூரியன் மறைந்த பிறகு வருகிறது. கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பு நிர்வாகம் 2013இல் இதை ஒரு வாத்து வடிவ வரைபடமாகக் காட்டியபின் உலகம் முழுக்க 'வாத்து வளைவு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே நண்பகலில் உறையவைத்து மாலையில் உருக்கவேண்டும். இரவுக் குளிர்க்காற்றின் சலுகை போய்விடும். உறையவைக்கக் கிடைப்பது நாலைந்து மணி நேரம்தான், அதே நேரத்தில் கட்டடத்துக்கும் குளிர் வேண்டும். அப்போது மேலே பார்த்த தடிமன் கணக்கு இன்னும் இறுக்கும். இருபது வருடம் ஓடவேண்டிய தொட்டியை இன்றைய கட்டண அட்டவணைக்கு மட்டும் அளவெடுக்கவேண்டாம்.

இதற்குப் பேட்டரியே வாங்கிவிடலாமே?

நம் உதாரணத்தில் 280 யூனிட் தரும் பேட்டரி வேண்டும். பேட்டரியில் விளக்கும் எரியும், லிஃப்டும் ஓடும், பனித்தொட்டியில் குளிர் மட்டும்தான். ஆனால் பேட்டரி வருடத்துக்கு வருடம் தேயும், நீர் தேயாது. நன்றாகக் காப்பிட்ட பனித்தொட்டி ஒரு நாளில் இழப்பது சில சதவீதம். தேவை குளிர் மட்டுமே, அதுவும் தினமும் என்றால் தொட்டி. மின்தடை பயமும் சேர்ந்து இருந்தால் பேட்டரியையும் விசாரியுங்கள்.

வீட்டு ஏசியில் பொருத்த முடியுமா?

சோதனைகள் நடந்திருக்கின்றன, பரவலாகவில்லை. வீட்டு ஏசியில் குளிர்நீர்ச் சுற்று கிடையாது, குளிர்பொருள் நேராக அறைச் சுருளுக்கு வருகிறது. நடுவில் தொட்டியை நுழைக்க வால்வும் பம்பும் சேர்ந்தால் ஏசியைவிட அதுவே பெரிதாகிவிடும். உச்ச நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அறையை இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்துவிட்டு, உச்ச நேரத்தில் அளவை ஏற்றி வைப்பது செலவில்லாத வழி. கான்கிரீட்டே கொஞ்சம் சேமித்து வைக்கும்.

குளிர்கிடங்குக்கு?

அங்கே நன்றாகப் பொருந்தும். எடையில் 23.3 சதவீதம் சாதாரண உப்பு கலந்த நீர் மைனஸ் 21.1 டிகிரியில் ஒரே சீராக உறைந்து உருகும். மைனஸ் 18 டிகிரி அறைக்கு அது கச்சிதம். தட்டுகளாகக் கூரையடியில் பொருத்தினால் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டுச் சில மணி நேரம் தாங்கலாம். உறையவைக்க அறைக்காற்றை மைனஸ் 25 டிகிரி வாக்கில் இறக்கவேண்டியிருக்கும், உங்கள் கம்ப்ரசர் அதற்கு ஒத்துழைக்குமா என்று முதலில் பாருங்கள். உப்புநீர் கசிந்தால் எஃகை அரிக்கும்.

தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் பெட்டிகளில் சுவருக்குள் பனி அடுக்கு வைப்பதும் இதே யோசனைதான், அங்கே நோக்கம் மின்தடையைத் தாங்குவது.

விற்பவரிடம் என்ன கேட்கவேண்டும்?

கிலோவுக்கு எத்தனை கிலோஜூல் என்பதை எந்த வெப்பநிலை எல்லைக்குள் அளந்தார்கள் என்று கேளுங்கள். 10 டிகிரி அகலத்தில் அளந்த எண்ணில், உங்களுக்கு உதவாத வெப்பமும் சேர்ந்திருக்கும். உங்கள் நீர் வெப்பநிலையில், உங்களுக்குக் கிடைக்கும் மணி நேரத்தில் தொட்டி முழுதாக உறையுமா என்று எழுத்தில் வாங்குங்கள். உருகும்போது முதல் மணி நேரத்தில் எத்தனை கிலோவாட், கடைசி மணி நேரத்தில் எத்தனை கிலோவாட், அப்போது வெளிவரும் நீர் எத்தனை டிகிரி என்று மணிவாரியாகப் பட்டியல் கேளுங்கள். பொதுவாக இந்தப் பட்டியல் கேட்டதும் பேச்சு கொஞ்சம் தடுமாறும். தருகிறவரிடம் மேற்கொண்டு பேசலாம்: தொடர்ந்து மூன்று நாள், இரவு மட்டும் உறையவைத்துப் பகலில் உருக்கி, மூன்றாம் நாளின் கடைசி மணி நேர அளவீட்டைப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.